கால்வாய்த் தண்ணீரைச் சோதித்த நாள்

என் அண்ணன் ஒரு மனிதரின் கண்ணைத் துடுப்பால் அடித்துப் போக்கினான். அவனைக் கால்வாய்க்கு விரட்டியது நான் சொன்ன ஒரு சொல்.

பழவேற்காட்டு ஏரிக்கரையில் ஒரு குப்பத்தில் பிறந்தவள் நான். அப்போது சென்னையில் ஒரு கல்லூரியில் வேதியியல் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தேன். தண்ணீரில் துளியூண்டு களைக்கொல்லி கலந்திருந்தாலும் காட்டிக்கொடுக்கும் ஒரு பொடியை உருவாக்குவது எங்கள் வேலை. அந்தப் பொடியின் ஒவ்வொரு துகளிலும் கண்ணுக்குத் தெரியாத துளைகள் நிறைந்திருக்கும். புற ஊதா விளக்கைக் காட்டினால் நீலமாக ஒளிரும். களைக்கொல்லி அந்தத் துளைகளுக்குள் போய் உட்கார்ந்துவிட்டால் ஒளி மங்கும். பொடியைத் தாளில் பூசிப் பொட்டுப் பொட்டாக வெட்டி வைத்திருந்தோம்.

அந்த ஐப்பசியில் முதல் பெருமழைக்கு மறுநாள், கால்வாய் ஏரியில் விழும் இடத்தில் மடவை மீன்கள் வயிறு வெளுத்து மிதந்தன. எறா செத்து வலையோடு நாறியது. மேற்கே நெல் வயல்களிலிருந்து வரும் கால்வாய் அது. என் அப்பா போன் போட்டார்; நைனா என்றுதான் அவரைக் கூப்பிடுவோம். தாள்களையும் விளக்கையும் பையில் திணித்துக்கொண்டு பொன்னேரி வழியாக பஸ் பிடித்து வந்தேன்.

நைனாவும் அண்ணனும் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, வீட்டுக்குள் கதவு ஜன்னலைச் சாத்திக்கொண்டு விளக்கைப் பிடித்தேன். ஏரி நடுவே எடுத்த தண்ணீரில் நனைத்த தாள் பளிச்சென்று ஒளிர்ந்தது. கால்வாய்த் தண்ணீரில் நனைத்தது மங்கலாக இருந்தது.

"இன்னாமா சொல்லுது? மருந்து கீதா, இல்லியா?" என்றார் நைனா.

"கீது நைனா. ஆனா ரொம்பக் கொஞ்சம். இதுக்குப் போய் மீன் சாவாது. புதுத்தண்ணில மூச்சு முட்டிக்கூட செத்திருக்கலாம். லேப்ல இன்னொரு வாட்டி பாத்துட்டு..."

'கீது' என்ற சொல் காதில் விழுந்ததுமே அண்ணன் எழுந்து வெளியே போயிருந்தான். "என் தங்கச்சி பாத்துட்டா! மருந்துதான்!" என்று தெருவில் கத்தினான்.

துடுப்பும் கையுமாக இருபது பேர் கால்வாய்க்குப் போனார்கள். தடுக்கலாம் என்று பின்னாலேயே ஓடினேன். மதகடியில் நான்கு விவசாயிகள் மண்வெட்டியோடு நின்றிருந்தார்கள்.

"மருந்து அடிச்சு பத்து நாளாச்சு. எங்க வயல்ல தவளை கத்துது, போய்க் கேளு" என்றார் அவர்களில் மூத்தவர்.

அண்ணனின் துடுப்பு அவர் முகத்தில் இறங்கியது. தேங்காய் உடைவதுபோல் சத்தம். விரல் இடுக்கில் ரத்தம் வழிய அவர் சேற்றில் மண்டியிட்டார். எங்கள் ஆள் ஒருவனின் முழங்காலை மண்வெட்டி பிளந்தது. நாயைக்கூட அடித்தறியாத என் நைனா, விழுந்து கிடந்த ஒருவரின் மார்பில் மிதித்துக்கொண்டிருந்தார். "கொஞ்சம்தான்னு சொன்னேனே!" என்று கத்தினேன். ஒரு கை என் முடியைப் பிடித்து இழுத்தது. கால்வாய்த் தண்ணீர் பிடித்த பாட்டில் என் கையிலேயே இருந்தது; அதால் அந்த ஆளின் நெற்றியில் அடித்தேன். பழுப்புக் கண்ணாடி, கனமானது. அவன் முடியை விட்ட பிறகும் இரண்டு முறை அடித்தேன். அந்த இரண்டு அடியைப் பற்றிப் போலீஸிடம் நான் சொல்லவில்லை.

மறுநாள் மதியம் விவசாயிகள் எங்கள் குப்பத்துக்கு மண்ணெண்ணெயோடு வந்தார்கள். கரையில் காய்ந்த வலைகள் எரிந்தன. எங்கள் படகைக் கடப்பாரையால் குத்திக் கிழித்தார்கள். சாயங்காலம் அண்ணனைப் போலீஸ் ஜீப்பில் ஏற்றியது.

சென்னைக்குத் திரும்பி அளந்தபோது ஆய்வகக் கருவியும் அதையே சொன்னது: களைக்கொல்லி இருந்தது, மீனைக் கொல்லும் அளவுக்கு இல்லை. அதை எழுதி இன்ஸ்பெக்டரிடம் கொடுத்தேன்.

"இத அன்னிக்கே சொல்றதுக்கு இன்னா?" என்றார் நைனா.

"சொன்னேன் நைனா."

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

தை மாதத்தில், கண் போனவரின் மனைவி நான் படிக்கும் கல்லூரிக்கே தேடி வந்தார். சோடா பாட்டில் ஒன்றை மேசையில் வைத்தார்.

"எங்க வூட்டு போர் தண்ணி. இருக்குதா இல்லியான்னு மட்டும் சொல்லாத. எவ்ளோன்னும் சேத்துச் சொல்லு."

அவர் கண்ணெதிரிலேயே தாளை நனைத்தேன். கால்வாய்த் தாளைவிட மோசமாக மங்கியது. கருவியில் அளந்தும் காட்டினேன்.

"குடிக்கலாமா?"

"வேணாங்க்கா."

அவர் என்னை ஓங்கி அறைந்தார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதார்.

"எம் பொண்ணு மாசமா கீறா. இத்தினி நாளும் இதான் குடிக்கிறா" என்றார்.

அன்றைக்கே அவரோடு அவர்கள் ஊருக்குப் போனேன். தெருவில் ஒருவன் என்மேல் கல் எறிந்தான். அந்த அம்மா அவனைச் செருப்பால் அடித்துவிட்டு அடுத்த வீட்டுக் கதவைத் தட்டினார். பொழுது சாய்வதற்குள் அந்தத் தெருவின் போர் தண்ணீர் அத்தனையையும் பார்த்து முடித்தோம். நான்கு வீடுகளில் தாள் மங்கியது. அந்த வீட்டுக்காரர்கள் இப்போது கேன் தண்ணீர் வாங்கிக் குடிக்கிறார்கள். அண்ணன்மேல் வழக்கு நடக்கிறது. என்னைச் சாட்சியாக அழைத்திருக்கிறார்கள்.