மெய்யெழுத்துக்குப் பொட்டு

ஓவியக் கல்லூரி என்று பெயர்தான் பெரிது. எங்கள் மலாய் நாட்டு ஜார்ஜ் டவுனில் ஒரு சைக்கிள் கடைக்கு மேலே மூன்று அறைகள், அவ்வளவுதான். ஒன்றில் கிராஃபிக் டிசைன், ஒன்றில் கலை வரலாறு, மூன்றாவது புகைப்படம் கழுவும் இருட்டறை. எண்பதுகளின் நடுவில் நான் அங்கே சேர்ந்தபோது எங்கள் வகுப்பில் தமிழ்ப் பெண் நான் ஒருத்திதான்.

கலை வரலாற்று வகுப்பு எனக்கு உயிர். ஜன்னலை எல்லாம் அடைத்துவிட்டு ஆசிரியர் சுவரில் ஸ்லைடு காட்டுவார். ஐரோப்பாவில் இருக்கும் தேவாலயங்கள் ஒவ்வொன்றாக வரும். வியர்த்து வழியும், அந்தப் புரொஜெக்டரின் விசிறிக் காற்றுக்காக முன் வரிசைக்கு அடிதடி நடக்கும். எந்தக் கோபுரம் எந்த ஊர் என்று வீட்டில் உட்கார்ந்து மனப்பாடம் செய்வேன். அப்பா கேட்டுவிட்டு, "அந்த ஊரு சர்ச்செல்லாம் உனக்கு எதுக்குலா? போஸ்டிங் போட்டு அங்க அனுப்பப் போறாங்களா?" என்பார்.

அப்பா ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் கிராணி. ஆங்கிலத்தில் டைப் அடித்தே வாழ்ந்தவர், ஆனால் தமிழில் ஓர் எழுத்து பிசகினால் தாங்கமாட்டார். பத்திரிகையில் பிழை கண்டுவிட்டால் அன்றைக்குக் காலைப் பசியாறல் அவருக்கு இறங்காது. அம்மாவிடம் காட்டுவார், பக்கத்து வீட்டுக்காரரிடம் காட்டுவார், யாரும் கிடைக்காவிட்டால் என்னிடம் காட்டுவார். நான்தான் அச்சடித்தேன் என்பதுபோலத் திட்டும் விழும்.

அப்படிப்பட்டவர் என்னைப் படம் படிக்க அனுப்பியது சும்மா இல்லை. "ஒரு வருஷம் போ. கடைசியில கண்காட்சி வைப்பாங்கல்ல, நான் வந்து பார்ப்பேன். உருப்படியா இல்லேன்னா பேசாம டைப்பிங் கிளாஸ்ல சேர்ந்துடு" என்று கறாராகச் சொல்லிவிட்டார். டைப்பிங் வகுப்பில் இடம் இருக்கிறதா என்று முன்கூட்டியே விசாரித்தும் வைத்திருந்தார். எனக்குத் தெரியாதென்று நினைப்பு.

ஆண்டு இறுதிக் கண்காட்சிக்கு ஒவ்வொருவரும் அவரவர் தாய்மொழியில் ஒரு சுவரொட்டி செய்ய வேண்டும். நான் தைப்பூசத்துக்கு மறுநாள் தண்ணீர்மலைக் கோயில் படிக்கட்டை விடியற்காலையில் எடுத்த படம் ஒன்று வைத்திருந்தேன். ஆளே இல்லாத படிகள், உடைந்த தேங்காய்ச் சில்லுகள், கூட்டிக்கொண்டிருந்த ஒரு பெண்ணின் முதுகு. அதன் கீழே "கண்ணைத் திறந்தால் தண்ணீர்மலை" என்று எழுத முடிவு செய்தேன். தேய்த்து ஒட்டும் எழுத்துத் தாள் கடையில் ஆங்கிலத்தில்தான் கிடைக்கும். தமிழுக்கு எங்கே போவது? ஒவ்வோர் எழுத்தாகக் கையாலேயே வரைந்து ஃபிலிமில் படம் பிடித்தேன்.

அந்த ஃபிலிமில் எழுத்து கண்ணாடிபோல் தெரியும், மற்றதெல்லாம் கறுப்பு. தூசி விழுந்த இடங்களில் ஊசிக்குத்துபோலச் சின்ன ஓட்டைகள் இருக்கும். அப்படியே பெரிதாக்கி அச்சிட்டால் ஒவ்வோர் ஓட்டையும் காகிதத்தில் கறும்புள்ளியாக விழும். அதனால் மெல்லிய தூரிகையால் கறுப்பு மை தொட்டு ஓட்டைகளை அடைக்க வேண்டும். கண் பிதுங்கும் வேலை. சனிக்கிழமை மாலை நான் அதைத் தொடங்கும்போதே மணி ஐந்தரை ஆகிவிட்டது. ஆறரைக்குள் வீட்டில் இல்லையென்றால் அப்பா பஸ் நிறுத்தத்துக்கே வந்து நிற்பார்.

என் இருட்டறைக் கூட்டாளி ஆயர் ஈத்தாம் என்னும் ஊரைச் சேர்ந்த சீனப் பெண். எங்களுக்குள் பாதி மலாய், பாதி ஆங்கிலம். "நீ போலா, நான் அடைச்சு அச்சும் போட்டு வைக்கிறேன்" என்றாள். அவள் கை அவ்வளவு சுத்தம். நானும் நிம்மதியாகப் போய்விட்டேன்.

மறுநாள் ஞாயிறு. மதியம் கண்காட்சி. காலையில் நான் போனபோது சுவரொட்டி காய்ந்து, கொடியில் தொங்கிக்கொண்டிருந்தது. படிக்கட்டு அற்புதமாக விழுந்திருந்தது. எழுத்துள்ள வெள்ளைப் பட்டையில் ஒரு தூசி இல்லை, ஒரு கீறல் இல்லை.

ஒரு புள்ளியும் இல்லை.

"கணணைத திறநதால தணணீரமலை." பல்லில்லாதவர் பேசுவதுபோல இருந்தது.

"உன் ஃபிலிம்ல எவ்வளவு தூசி தெரியுமா?" என்றாள் அவள் பெருமையாக. "எல்லாம் எழுத்துக்கு மேலேயே போய் உட்கார்ந்திருந்துச்சு. ஒண்ணு விடாம அடைச்சுட்டேன்."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தத் தூரிகையை முறித்துப் போட்டிருப்பேன். ஆனால் அவள் முகத்தைப் பார்த்தால் திட்டவும் வாய் வரவில்லை. தலையில் கைவைத்து உட்கார்ந்து, புள்ளி என்றால் என்னவென்று விளக்கினேன். "அலாமாக்!" என்று அவளும் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

மறுபடி அச்சிடலாம் என்றால் பெரிய காகிதம் அதுதான் கடைசி. ஞாயிற்றுக்கிழமை கடை ஏது? கறுப்புப் பேனாவால் ஒரு துண்டுக் காகிதத்தில் வைத்துப் பார்த்தோம். வழவழப்பில் மை நிற்காமல் வழிந்தது. அப்பா வந்து இதைப் படித்தால் என் கதை முடிந்தது. படிக்கட்டையா பார்ப்பார் மனுஷன்? நாளைக்கே டைப்பிங் வகுப்பு.

கைக்குட்டை தேடிப் பையைத் துழாவியபோது கையில் அகப்பட்டது ஒட்டுப்பொட்டு அட்டை. பாதி தீர்ந்துபோன சிவப்புக் கடுகுப் பொட்டுகள். நான் அதையே பார்த்தேன். அவளும் பார்த்தாள்.

எந்தெந்த எழுத்துக்குப் புள்ளி என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு, முகம் கழுவவும் சேலை மாற்றவும் ஓடினேன். திரும்பி வந்தால் கறுத்த எழுத்துகள் எல்லாம் சிவப்புப் பொட்டோடு ஜம்மென்று நிற்கின்றன. தண்ணீரின் 'ர்' மட்டும் மொட்டையாக இருந்தது, அட்டையோ காலி. பொட்டு சரியாக இருந்திருக்க வேண்டுமே, எப்படிக் குறைந்தது என்று யோசிக்க நேரமில்லை. கீழே ஆட்கள் வரும் சத்தம். என் நெற்றியிலிருந்ததைப் பிய்த்து 'ர்'க்கு வைத்துவிட்டேன்.

ஆசிரியர் வந்தார், பார்த்தார், சிரித்தார். படக் கண்காட்சிகளில் விற்றுப்போன படத்துக்குச் சிவப்புப் புள்ளி ஒட்டுவார்களாம். "எல்லா எழுத்தும் விற்றுப்போயிற்றா?" என்று கேட்டுவிட்டு நல்ல மதிப்பெண்ணே போட்டார். எனக்கு அது காதிலேயே ஏறவில்லை. வாசலில் அப்பா செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

நேராக என்னிடம் வந்தார். "என்னா இது, நெத்தி காலியா இருக்கு?"

"விழுந்துடுச்சுப்பா."

கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு சுவரொட்டிக்கு முன்னால் நின்றார். உதடுகள் அசைந்தன. "கண்ணைத்... திற்..." நின்றுவிட்டார். "திற்ந்தாலா? யாரு றகரத்துக்குப் புள்ளி வச்சது?"

பார்த்தேன். 'ற'வின் தலையில் ஒரு பொட்டு, சமர்த்தாக உட்கார்ந்திருந்தது. 'ர்'க்குக் குறைந்தது அதுதான்.

அப்பாவின் விரல் போன இடத்தைப் பார்த்து என் தோழிக்கு விஷயம் புரிந்துவிட்டது. கையைத் தூக்கினாள். "நான்தான் அங்கிள். அந்த இடம் காலியா இருந்துச்சு. அழகுக்கு!" என்றாள் மலாயில்.

இனி மறைத்து என்ன பயன்? தூசி என்று அவள் புள்ளிகளை அடைத்ததிலிருந்து என் நெற்றிப் பொட்டு வரை ஒரே மூச்சில் கொட்டினேன். அப்பா என்னைப் பார்க்கவில்லை. அவர் தோள்கள் லேசாகக் குலுங்கின. கோபத்தில்தான் என்று நினைத்தேன். பிறகுதான் பார்த்தேன், மனுஷன் சத்தமில்லாமல் சிரித்துக்கொண்டிருந்தார்! எழுத்துப் பிழையைப் பார்த்து அவர் சிரித்து நான் கண்டதே இல்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, 'ற'வின் பொட்டை நகத்தால் மெல்லக் கிள்ளி எடுத்து என் விரலில் வைத்தார்.

"இந்தா, நெத்தியில வை." பிறகு படிக்கட்டையும் கூட்டும் பெண்ணையும் வெகுநேரம் பார்த்தார். "படம் நல்லாத்தான் எடுத்திருக்கே." தோழியின் பக்கம் தலையை அசைத்தார். "அடுத்த வருஷமும் இந்தப் பிள்ளை கூடத்தான் படிக்கப் போறியா?"

"ஆமாப்பா."

"அப்ப மொதல்ல அதுக்கு மெய்யெழுத்து சொல்லிக் குடு."

அவர் அடுத்த படத்துக்கு நகர்ந்த பிறகுதான் 'அடுத்த வருஷம்' என்றது என் மண்டையில் ஏறியது. அப்பாடா! இருட்டறைக்குள் ஓடிக் கதவைச் சாத்திக்கொண்டு ஓவென்று அழுதேன். வெளியே நின்று என் தோழி கதவைத் தட்டிக்கொண்டே இருந்தாள், பாஸா ஃபெயிலா சொல்லித் தொலை என்று.