சந்தனம் வைத்த ஹார்ட் டிஸ்க்

மங்களம் சித்தி இளமையில் பூன் லே பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஹார்ட் டிஸ்க் செய்தார். தலை முதல் கால் வரை வெள்ளை உடை; கண் மட்டும் வெளியே தெரியும். உள்ளே போகுமுன் பவுடர், பூ, பொட்டு எல்லாவற்றையும் எடுத்துவிட வேண்டும். ஒரு தூசி விழுந்தாலும் டிஸ்க் கெட்டுவிடுமாம். கல்யாணமான மறுவாரமே வெறும் நெற்றியோடு வேலைக்குப் போனதை அவர் இன்றும் சிரிக்காமல்தான் சொல்வார்.

தொழிற்சாலை மூடியதும் ஓர் எம்பிராய்டரி மிஷின் வாங்கி, தேக்கா மார்க்கெட் மாடியில் ரவிக்கைக் கடை போட்டார். கொடி, அன்னம், மாங்காய் என்று எல்லா டிசைனையும் அவரே கணினியில் வரைவார். அந்தப் பழைய கணினியில்தான் அவருடைய மென்பொருள் ஓடும். ஒரு சின்ன தம்ப் டிரைவில் ஒவ்வொரு டிசைனாக ஏற்றி மிஷினில் செருகுவார். அடுத்ததை ஏற்றும்போது முந்தையது அழிந்துவிடும். அதனால் அத்தனை வருட உழைப்புக்கும் வேறு பிரதி கிடையாது.

நான் பள்ளி முடித்துவிட்டு, அடுத்து என்ன என்று தெரியாமல் சித்தி கடையில் சுற்றிக்கொண்டிருந்தேன். கணினி திறக்க வரவர நேரம் எடுத்தது. நான்தான் புது டிஸ்க் வாங்கிவந்தேன்.

சித்தி அதைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நான் செஞ்சதெல்லாம் யார் யார் வீட்டுக்கோ போச்சு, வர்ஷா. எனக்குன்னு ஒண்ணு இப்பத்தான் வருது லா." அன்று அதை புக்கிட் பாத்தோக்கில் இருக்கும் தன் வீட்டுக்கு எடுத்துப்போனார்.

மறுநாள், பழைய வாடிக்கையாளர் ஒருவரின் மகளான ரோஷினியின் கல்யாண ரவிக்கை மிஷினில் இருந்தது. வலது கை முடிந்துவிட்டது. இடது கைக்கான டிசைனை எடுக்கும்போது கணினி அப்படியே நின்றுவிட்டது. "இப்பவே மாத்திடு மா" என்றார் சித்தி.

பழைய டிஸ்க்கில் இருப்பதைப் புதியதற்கு நகல் எடுப்பதுதான் திட்டம். ஆனால் புது டிஸ்க்கைக் கணினி கண்டுகொள்ளவே இல்லை. கேபிள் சரியில்லையோ என்று பழைய டிஸ்க்கின் கேபிள்களைக் கழற்றி இதில் செருகினேன். அப்போதும் இல்லை. சரி, எல்லாவற்றையும் முன்போலவே வைப்போம் என்று பழையதையே மாட்டினேன். டிக், டிக் என்று சத்தம் கேட்டது. கறுப்புத் திரையில், டிஸ்க் எதுவும் இல்லை என்று ஒரு வெள்ளை வரி.

சித்தி ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். "இந்தச் சத்தம் எனக்குத் தெரியும். செத்துப்போச்சு."

"இருங்க சித்தி, பாக்கறேன்."

அந்த நேரத்தில் ரோஷினி போன் செய்தாள். "ஆண்டி, சாயங்காலம் வரட்டுமா? ஞாயித்துக்கிழமை கல்யாணம், எனக்குத் தூக்கமே வரல."

"வா மா, ரெடியா இருக்கும்" என்றார் சித்தி. போனை வைத்த பிறகு என்னைப் பார்க்கவில்லை.

கைபேசி விளக்கைக் கேபிளின் வாய்க்குள் அடித்துப் பார்த்தேன். உள்ளே மஞ்சளாக ஏதோ காய்ந்து ஒட்டியிருந்தது. அவசரத்தில் கவனிக்காமல் செருகிய புது டிஸ்க்கை எடுத்துப் பார்த்தேன். அதன் முதுகில் சந்தனப் பொட்டு, நடுவில் குங்குமம். சந்தனம் வழிந்து, கேபிள் செருகும் இடத்திலும் இறங்கியிருந்தது. அங்கிருந்து கேபிளுக்கு, கேபிளிலிருந்து பழைய டிஸ்க்குக்கு. பரப்பியது என் கைதான்.

"சாமிகிட்ட வெச்சு எடுத்தீங்களா?"

"புதுசு இல்ல? பொட்டு வெச்சேன்." டிஸ்க்கை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, "பேக்டரில பொட்டோட உள்ளேயே விட மாட்டாங்க. தெரியும். தெரிஞ்சுதான் வெச்சேன்" என்றார்.

ரத்தச் சர்க்கரை பார்க்கும்போது விரல் துடைக்கும் ஸ்பிரிட் பஞ்சு அவர் பையில் இருந்தது. அதை வைத்து ஒவ்வொரு முனையாகத் துடைத்து, காயவிட்டு, மறுபடி செருகினேன். திரை வந்தது. டிசைன்கள் எல்லாம் இருந்தன.

"எல்லாத்தையும் மொத்தமா எடுத்துடறேன் சித்தி."

"முதல்ல இடது கை."

"மொத்தமா எடுத்தா அதுவும் சேர்ந்து வந்துடும்."

"கை" என்றார் மறுபடியும்.

கை மட்டும் தம்ப் டிரைவில் ஏறியது. அதைப் பிடுங்கிக்கொண்டு சித்தி மிஷினுக்குப் போனார். நான் இன்னொரு தம்ப் டிரைவைச் செருகி மற்ற டிசைன்களை எடுக்க ஆரம்பித்தேன். எவ்வளவு நகலானது என்று காட்டும் பச்சைக் கோடு கொஞ்ச தூரம் நகர்ந்திருக்கும். டிக், டிக். மறுபடி துடைத்தேன். கணினிச் சாமான்கள் விற்கும் சிம் லிம் கடைத்தொகுதிக்கு ஓடிப்போய்ப் புதுக் கேபிள் வாங்கிவந்து மாட்டினேன். டிஸ்க் எழவே இல்லை.

அங்கே கேபிள் விற்றவரிடம் விசாரித்திருந்தேன். வயதான டிஸ்க், எப்படியும் போயிருக்கும் என்றார். சித்தியிடம் அதைச் சொன்னேன்.

"அவரு அப்படித்தான் சொல்லுவாரு" என்றார் சித்தி, ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல். கொடி ஒவ்வோர் இலையாக இடது கையில் ஏறிக்கொண்டிருந்தது.

சாயங்காலம் ரோஷினி வந்தாள். இரண்டு கைகளையும் சேர்த்துப் பிடித்துப் பார்த்தாள். "அப்படியே ஒரே மாதிரி இருக்கு ஆண்டி."

சித்தி ரவிக்கையை மடித்துப் பையில் போட்டார். பையை உடனே கொடுக்கவில்லை.

"கல்யாணம் முடிஞ்சதும் இத ஒரு தடவ கொண்டு வர்றியா மா?"

"ஏன் ஆண்டி, எங்கயாச்சும் சரியில்லையா?"

"சரியாத்தான் இருக்கு. வெச்சுப் பாத்துத் திரும்ப வரையணும்" என்றார் சித்தி. "உங்கம்மாவுக்குத் தெச்சது இருந்தா அதையும்."