அரக்குச் சாயம்

பள்ளித் தோழர்கள் கூடிய மண்டபத்தில் தலை நரைத்த ஒருவன் என் கையைப் பிடித்துக் குலுக்கினான். முகம் பிடிபடவில்லை. நகக்கண்களில் அரக்குச் சிவப்பு ஏறியிருந்ததைப் பார்த்ததும், "ஏகாம்பரம்!" என்று கத்திவிட்டேன்.

அறுபதுகளின் கடைசியில், எட்டாம் வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்தவன். அவன் வீட்டில் பட்டு நூலுக்குச் சாயம் போடுவார்கள். விடியற்காலையில் அப்பாவோடு நூலைத் தோய்த்துவிட்டு, ஈரப் பட்டின் வாடையோடு பள்ளிக்கு வருவான். தினமும் கைச்சுத்தம் பார்க்கும் புது வாத்தியார் ஒருநாள், "கையைக் கழுவிக்கினு வரத் தெரியாதா?" என்று அந்தக் கையிலேயே பிரம்பால் அடித்தார். அவன் அழவில்லை. எங்களுக்குத்தான் பொறுக்கவில்லை.

மறுநாள் காலை வகுப்பே அவன் வீட்டுக் கொல்லையில் நின்றது. கொட்டுவதற்காக ஆறவிட்டிருந்த சாயத் தண்ணீரில் மணிக்கட்டுவரை கையை விட்டோம். வாத்தியார் வழக்கம்போல் கைகளை நீட்டச் சொன்னார். வரிசை முழுக்கச் சிவப்பு. யாரை அடிப்பது என்று தெரியாமல் பிரம்பை மேசைமேல் வைத்தார். அதற்குப்பின் அவர் யார் கையையும் பார்க்கவில்லை.

சாயந்திரத்துக்குள் போய்விடும் என்றுதான் நினைத்திருந்தோம். சீயக்காய், மண், எலுமிச்சை எதற்கும் அது அசையவில்லை. எல்லோர் வீட்டிலும் திட்டு. ஏகாம்பரத்துக்கோ பெருமை தாங்கவில்லை.

"எங்க நைனா போட்ட சாயம்பா, அவ்ளோ சீக்கிரம் போயிடுமா?"

இப்போது அவன் என் உள்ளங்கையைத் திருப்பி, விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான்.

"இன்னாபா, போயிடுச்சா?"

"எங்கடா போச்சு? அப்படியே இருக்குது" என்றேன்.