ஓடக் கூடாத சாலை

ராஜி ஒற்றைச் செருப்போடு வீட்டுக்கு வந்த சாயங்காலத்திலிருந்து தொடங்குகிறேன். காய்கறி மார்க்கெட்டிலிருந்து எங்கள் தெரு வரை நடந்தே வந்திருக்கிறாள். இடது செருப்பு எங்கே கழன்றதென்று அவளுக்கே தெரியவில்லை. "புதுச் செருப்பு வாங்க இப்படி ஒரு வழியா?" என்று கேலி செய்தேன். அவளும் சிரித்தாள். செருப்பு கழன்றதே தெரியாமல் போனதுதான் நோயின் முதல் அறிகுறி. உங்கள் வீட்டிலும் யாராவது இப்படிச் சிரித்துவிட்டுப் பிறகு நொந்துகொண்டிருந்தால், அவருக்குத் துணைக்கு நான் இருக்கிறேன்.

அதற்குப் பத்து நாள் முன்பு அவளுக்கு வயிற்றுப்போக்கு வந்து சரியாகியிருந்தது. அதற்கும் காலுக்கும் தொடர்பு இருக்குமென்று யார் நினைப்பார்கள்? மறுநாள் அவளால் மாடிப்படி ஏற முடியவில்லை. மூன்றாம் நாள் இட்லியைப் பிய்க்க விரலில் வலு இல்லை. மதுரையில் ஒரு மருத்துவமனையில் கொண்டுபோய்ச் சேர்த்தபோது இடுப்புக்குக் கீழே எதுவும் அசையவில்லை.

நரம்பியல் டாக்டர் நோயின் பெயரைச் சொன்னார். கில்லன் பாரே (உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தவறிப்போய் நரம்புகளைத் தாக்கும் நோய்). இம்யூனோகுளோபுலின் (தானம் பெற்ற ரத்தத்திலிருந்து பிரித்தெடுக்கும் எதிர்ப்புப் புரதம்) ஐந்து நாள் ஏற்றினார்கள். அதற்குள் மூச்சுத் தசைகளும் ஓய்ந்துவிட்டன. பத்தொன்பது நாள் வெண்டிலேட்டரில் (செயற்கையாக மூச்சு கொடுக்கும் கருவி) இருந்தாள். முழு நினைவோடு இருந்தாள் என்பதுதான் கொடுமை. ஆமென்றால் ஒரு முறை இமைப்பாள், இல்லையென்றால் இரு முறை.

சிவகாசியில் எனக்குக் காலண்டர் அச்சகம். அடுத்த வருடத்துத் தேதிகளை இந்த வருடமே விற்றுப் பிழைக்கிறவன். அந்த மருத்துவமனைத் தாழ்வாரத்தில் எனக்கு அடுத்த மணி நேரத்தைத் தாண்டி யோசிக்க வரவில்லை. சீசன் நேரமென்பதால் ஆர்டர் கொடுத்தவர்கள் போன் அடித்துக்கொண்டே இருந்தார்கள். ஒரு கட்டத்தில் போனை அணைத்துப் பையில் போட்டுவிட்டேன்.

"உயிருக்கு இனி பயமில்லை," என்றார் டாக்டர் ஒருநாள். "ஆனா நரம்பு வளர்ந்து வரணும். நல்லபடியா போனா ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் வளரும்."

அச்சகத்தில் ஒரு மில்லிமீட்டர் நிறம் நகர்ந்தால் படத்திலிருக்கும் முருகனுக்கு இரண்டு மூக்கு வந்துவிடும். அதனால் மில்லிமீட்டர் மேல் எனக்கு எப்போதுமே மரியாதை உண்டு. இப்போது மனைவியின் இடுப்பிலிருந்து கால் விரல் வரை மனதிலேயே அளந்து பார்த்தேன். இரண்டு வருடத்துக்கு மேல் வந்தது.

ராஜிக்கு நடக்கக் கற்றுக்கொடுத்தது விருதுநகரிலுள்ள ஒரு சிறிய மாற்றுத்திறனாளிகள் மையம். இரண்டு கம்பிகளுக்கு நடுவே அவளை நிறுத்திப் பிடித்தார்கள். முப்பத்தொன்பது வயதில் முதல் எட்டெடுத்து வைத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள். இடது பாதத்தில் தொய்வு (பாதத்தின் முன்பகுதியைத் தூக்க முடியாத நிலை) மட்டும் தங்கிவிட்டது. அதற்கு ஒரு பிளாஸ்டிக் பட்டை கொடுத்தார்கள்.

வெம்பக்கோட்டைப் பக்கத்திலிருந்தும் பிள்ளைகள் அந்த மையத்துக்கு வந்துகொண்டிருந்தார்கள். மையத்தின் வேன் பழுதாகி நின்றதும், தாய்மார்கள் வளர்ந்த பிள்ளைகளை இடுப்பில் சுமந்து இரண்டு பஸ் மாறி வந்தார்கள். பிறகு ஒவ்வொருவராக நின்றுபோனார்கள். பயிற்சி நின்றால் அந்தப் பிள்ளைகளின் கால்கள் மடங்கியபடியே இறுகிவிடும். இதைத் தன் உடம்பில் அறிந்தவள் ராஜி.

"நோய் வந்து மூணு வருசம் ஆகட்டும். இந்த மையத்துலயிருந்து வெம்பக்கோட்டைக்கு ஓடப் போறேன்," என்றாள். "வேன் வாங்க ஆளுக்குக் கொஞ்சம் குடுக்கட்டும்."

"அது நாப்பத்திரண்டு கிலோமீட்டரு ராஜி."

"மாரத்தானும் அம்புட்டுத்தானங்க."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. டாக்டர் சிரிக்கவில்லை. பரிசோதித்துவிட்டு, மெதுவாகக் கூட்டிக்கொண்டே போகலாம், களைத்தால் அந்த இடத்திலேயே நின்றுவிட வேண்டும் என்றார். ஒரு வருடம் பழகினாள். நான் தண்ணீர்ப் பாட்டில்களோடு பைக்கில் பின்னால் போனேன். அச்சகத்தில் எனக்கு 'டேங்கர் லாரி' என்று பெயர் வைத்தார்கள்.

ஒருநாள் காலை ஒன்பது மணிவாக்கில், வெம்பக்கோட்டை சாலையில் ஒரு பட்டாசு கம்பெனியின் கம்பிவேலி ஓரமாக ஓடிக்கொண்டிருந்தாள். முகம் இறுகி, மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. உள்ளே ஒரு பெண் அதைப் பார்த்து, எங்கோ வெடிவிபத்து என்று நினைத்து அலறினாள். அவ்வளவுதான். பட்டாசு அறைகளுக்கு நாலு பக்கமும் வாசல் வைப்பது எதற்கென்று அன்று கண்ணால் பார்த்தேன். எல்லா வாசல் வழியாகவும் பெண்கள் தெறித்து ஓடிவந்தார்கள். வெடியும் இல்லை, புகையும் இல்லை. ஒருத்தி மட்டும் கால் மடங்கித் தரையில் கிடந்தாள்.

போர்மேன் வேலிக்கு வந்தார். "ஏம்மா, இந்தப் பக்கம் யாராச்சும் ஓடுவாகளா? ஒரு ஆளு ஓடுனா இங்க என்ன அர்த்தம்னு ஒங்களுக்குத் தெரியாதா? எந்த ஊரு நீங்க?"

சிவகாசி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பிறந்ததிலிருந்து இங்கேயே இருக்கும் எனக்கு இது தோன்றியிருக்க வேண்டும்.

விழுந்தவள் பெயர் மாரீஸ்வரி. கணுக்காலில் தசைநார் கிழிந்து மூன்று வாரம் வேலைக்குப் போகவில்லை. வைத்தியச் செலவை நாங்கள் ஏற்றோம். ராஜியோ அதோடு விடாமல் தினமும் அவள் வீட்டுக்குப் போய், மையத்தில் கற்ற பயிற்சிகளைச் செய்ய வைத்தாள்.

வெம்பக்கோட்டைக்கு எந்தச் சாலையில் போனாலும் பட்டாசு கம்பெனிகளைக் கடந்துதான் ஆக வேண்டும். ராஜி முடிவெடுத்தாள். "கம்பெனி இருக்க எடத்துல எல்லாம் நடந்துதான் போவேன்."

"ஓடுறேன்னுதான சொல்லிப் பணம் வாங்கியிருக்கோம். நடந்துட்டாளேன்னு நாளைக்கு ஒருத்தன் பேசுவான்."

"பேசட்டும். ஒருத்திக்குக் கால் போனா என்னன்னு அவனுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்."

ஒவ்வொரு மில்லிமீட்டராகக் காத்திருந்து மீட்ட ஓட்டம் அது. அதை யாருக்காகவோ பாதி வழியில் கீழே வைக்கத் தயாராக இருந்தாள். நோய் இவளை இவ்வளவு பெரிய மனுஷியாக்கியதா, முன்பே இப்படித்தான் இருந்தாளா என்று தெரியவில்லை. நான் சரியாகப் பார்க்காமல் இருந்திருக்கலாம்.

தை மாதத்தில் ஒருநாள் விடியுமுன்பே மையத்தின் வாசலிலிருந்து கிளம்பினாள். ஆமத்தூரில் வெளிச்சம் வந்தது. அது அவள் பிறந்த ஊர். அவள் அண்ணன் ஒரு கிலோமீட்டர் கூடவே ஓடிவந்தார். சிவகாசியைத் தாண்டியதும் இடது பாதம் தரையில் உரசத் தொடங்கியது. சொன்னபடியே முதல் கம்பெனி வந்ததும் நடந்தாள். அடுத்ததிலும் நடந்தாள். ஒவ்வொரு முறையும் நடையிலிருந்து ஓட்டத்துக்கு மாறுவது முன்பைவிடக் கடினமானது. இனி நடந்தால் திரும்ப ஓட முடியாது என்று நான் பயந்த இடத்தில் மாரீஸ்வரியின் கம்பெனி வந்தது.

ராஜி வேகத்தைக் குறைத்தாள். வேலிக்கு வெளியே, சாலையின் இரு பக்கமும் பெண்கள் நின்றிருந்தார்கள். கையெல்லாம் வெள்ளிநிறப் பட்டாசு மருந்துத் தூள். மாரீஸ்வரி முன்னால் வந்தாள்.

"ஏன்க்கா நடக்கீக? உள்ள ஒருத்தரும் இல்ல. எல்லாரும் வெளிய வந்துட்டோம். ஓடுங்க."

"டீ டயத்த மாத்தியாச்சு," என்றார் பின்னால் நின்ற போர்மேன். "பதினஞ்சு நிமிசம். முன்னால இருக்க ரெண்டு கம்பெனிக்கும் சொல்லிட்டேன். போங்கம்மா."

ராஜி வேலிக்குள் பார்த்தாள். அறைகளின் நாலு வாசலும் திறந்து கிடந்தன. உள்ளே யாருமில்லை. அவள் ஓடத் தொடங்கினாள்.

அந்தப் பெண்களுக்குச் செய்யும் பட்டாசின் எண்ணிக்கைக்குத்தான் கூலி. சும்மா நிற்கும் பதினைந்து நிமிடம் அவர்களுக்குச் சின்ன விஷயமில்லை. நான் பைக்கை நிறுத்திவிட்டு அழுதேன். தண்ணீர் கொடுக்க வேண்டியவனுக்கு மாரீஸ்வரிதான் தண்ணீர் கொடுத்தாள்.

நண்பகலுக்குச் சற்று முன்பு ராஜி வெம்பக்கோட்டை அணைக்கரையைத் தொட்டாள். வேன் இப்போது அந்தச் சாலையில் போய் வருகிறது. அவளுடைய இடது கால் விரல் இரண்டில் இன்னும் உணர்வு இல்லை. இனி வராது என்கிறார் டாக்டர்.

அதற்குப் பிறகு ராஜி ஓடவில்லை. "ஒரு தடவ அம்புட்டுப் பேரு எனக்காக வெளிய வந்து நின்னாகள்ல, போதும்," என்கிறாள். காலையில் நடக்கிறாள், நானும் கூடப் போகிறேன். முன்பெல்லாம் நாலடி முன்னால் போய் நின்று, "வாயேன்" என்று திரும்பிப் பார்ப்பேன். இப்போது அவள் இடது பாதம் சரியாக ஊன்றும் வரை என் கால் தானாகவே காத்திருக்கிறது.