ரோல்ஸ் வைத்துச் சோதித்த மென்பொருள்

கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு வீட்டில் சாப்பிட்டுவிட்டு அங்கேயே குறை சொல்லமாட்டோம். வெளியே வந்து லிஃப்டுக்குள் ஏறிய பிறகுதான் சொல்வோம். இது தெரிந்திருந்தும், புத்தகப் பக்கங்களை வடிவமைக்கும் மென்பொருள் ஒன்றின் புதிய பதிப்பைச் சோதிக்க ஆட்களை என் ஃபிளாட்டுக்குக் கூப்பிட்டேன். சாப்பிட மீன் ரோல்ஸும் வைத்தேன்.

அது திறந்த மூல மென்பொருள்; தொண்டர்கள் சேர்ந்து செய்வது. தமிழுக்குப் பொறுப்பு நான். வெளியிடும் முன்பே பிழை பிடியுங்கள், பிறகு அழாதீர்கள் என்று காண்பவர்களுக்கெல்லாம் பிரசங்கம் செய்துகொண்டிருந்தேன். வந்த பன்னிரண்டு பேரும் கொஞ்ச நேரம் தட்டிப் பார்த்துவிட்டு "நல்லா இருக்கு" என்றார்கள். ரோல்ஸைப் பற்றியும் அதையேதான் சொன்னார்கள். நான் பூரித்துப் போனேன்.

கொட்டாஞ்சேனையில் சின்ன அச்சகம் நடத்தும் பெண் ஒருத்திதான் நான் கொடுத்த புதிய பதிப்பை உண்மையான வேலையில் போட்டுப் பார்த்தாள். அந்த வேலை என் மகளின் பரதநாட்டிய அரங்கேற்ற மலர். பாதியைப் பழைய பதிப்பில் ஏற்கெனவே முடித்திருந்தாள். பத்து வருடம் ஆடிப் பழகி வந்து சேர்ந்த அரங்கேற்றம் அது. அந்த மலரில் ஒரு படம் பிசகினாலும் மகள் என்னை மன்னிக்கமாட்டாள்.

ஒருநாள் அச்சகப் பெண் எனக்கு ஃபோன் எடுத்தாள். "மிஸ், பழைய ஃபைல புதுசுல தொறந்தா படமெல்லாம் ஒரு பக்கம் தள்ளிப் போயிருது. பாப்பா படம் மிருதங்கக்காரர் பேருக்கு மேல வருது."

எனக்குச் சுருக்கென்றது. பன்னிரண்டு பேருக்குத் தெரியாதது இவளுக்குத் தெரிந்துவிட்டதாக்கும்!

"உங்கட கம்ப்யூட்டர் பழசாயிருக்கும். பிழை எண்டால் இன்டர்நெட்டில ஒரு படிவம் இருக்கு, இங்கிலீஷில நிரப்பி அனுப்புங்கோ. மலரைப் புதுசிலதான் செய்யவேணும், சொல்லிப்போட்டன்" என்றேன்.

"சரிங்க மிஸ்."

படிவம் வரவில்லை. படிவம் வராவிட்டால் பிழையும் இல்லை. தமிழில் குறை ஒன்றும் இல்லை என்று மென்பொருள் குழுவுக்கு எழுதிக் கொடுத்தேன். அவள் ஃபோன் எடுத்து மூன்று வாரத்தில் புதிய பதிப்பு வெளியானது.

அரங்கேற்றத்தன்று மலரில் படங்கள் எல்லாம் இருக்கவேண்டிய இடத்தில் இருந்தன. மகள் சலங்கை கட்டுவதை நிறுத்திவிட்டுத் தன் படத்தைப் பார்த்துச் சிரித்தாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. நன்றியுரையில், யாரும் கேட்காமலே, இது புதிய பதிப்பில் உருவான முதல் தமிழ் மலர் என்று அறிவித்தேன். கைதட்டினார்கள்.

அச்சகப் பெண் கடைசி வரிசையில் இருந்தாள். நேரே அவளிடம் போனேன். "பாத்தீங்களே, ஒரு படமும் தள்ளேல்லை."

அவள் சுற்றுமுற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள். "பழசுலதான் அடிச்சேன் மிஸ். புதுசுல இன்னும் தள்ளுது. சொன்னா கோவிச்சுக்குவீங்கன்னுதான் சொல்லல."

அவள் என் மகளைக் காப்பாற்றிவிட்டாள். மற்றவர்களுக்கெல்லாம் அந்தப் பிழையைக் கொடுத்தது நான். வெட்கமாக இருந்தது.

மறுநாள் அந்த இங்கிலீஷ் படிவத்தை நானே நிரப்பினேன். பிழை முதலில் எப்போது, எப்படித் தெரிவிக்கப்பட்டது என்று ஒரு கேள்வி இருந்தது. எழுதினேன்: வெளியீட்டுக்கு மூன்று கிழமைக்கு முன், தொலைபேசியில், தமிழில், என்னிடம்.