அந்தோணியாருக்கு நேர்ந்த கோதுமை

இருதயமேரி முதன்முதலாகக் கடைக்கு வந்த அன்று நடந்த பேச்சு அஸ்வினிக்கு அப்படியே நினைவிருக்கிறது. திண்டிவனத்தில் அவளுடைய அப்பா கிருஷ்ணசாமி தானியக் கடையும் மாவு மில்லும் சேர்த்து நடத்துகிறார். கல்லூரி முடித்த பிறகு அஸ்வினி கல்லாவில் உட்கார்ந்திருக்கிறாள். கேட்டதற்குப் பதில் சொல்வாள், அதற்கு மேல் பேசமாட்டாள்.

“கோதுமை இருக்குதாண்ணே?”

“மூணு தினுசு இருக்குது. உனக்கு எது?”

“தின்னுப் பாத்துச் சொல்றேன்.”

மூன்று சாக்கிலிருந்தும் ஒவ்வொரு பிடியாக எடுத்து வாயில் போட்டு மென்றாள். ஒன்றைத் துப்பிவிட்டு அடுத்தது.

“யம்மா, நீ வாங்க வந்தியா, விருந்துக்கு வந்தியா?”

“இருங்கண்ணே, சூயிங்கம் ஆவுதான்னு பாத்துக்கினு இருக்கேன்.”

“அதுக்குப் பெட்டிக்கடை பக்கத்துலதான் இருக்குது.”

“ரொட்டி சுடணும். பசை இல்லாத கோதுமை உப்பாது.”

“ரொட்டின்னா மைதா வாங்கினு போயேன். இல்லாட்டி பேக்கரியில பன்னாவே வாங்கிடு. எதுக்கு இந்தப் பேஜாரு?”

“அந்தோணியார்கிட்ட கோதுமைன்னு சொல்லித் தொலைச்சிட்டேனே! அவசரத்துல வாயில அதான் வந்துச்சு.”

அஸ்வினிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. “ஆமாம்மா, சிரி. மைதான்னு சொல்லியிருந்தா இந்நேரம் வேலை முடிஞ்சிருக்கும்” என்றாள் இருதயமேரி.

கதை இதுதான். அவளுடைய சினை ஆடு காணாமல் போய்விட்டது. செஞ்சி சாலையில் தேடித் தேடிக் கால் ஓய்ந்து, வழியிலேயே நின்று அந்தோணியாரை வேண்டிக்கொண்டாள். ஆடு திரும்பினால், தானே பார்த்து வாங்கிய கோதுமையில் தன் கையாலேயே ரொட்டி சுட்டு, அவர் கோயிலில் செவ்வாய்க்கிழமை ஜெபத்துக்கு வருகிறவர்களுக்கெல்லாம் கொடுப்பதாக நேர்ந்தாள். இரண்டு நாள் கழித்து ஆடு தானாக வந்தது, பின்னால் இரண்டு குட்டிகளுடன். “கேட்டது ஒண்ணு, குடுத்தது மூணு. நாம ஏமாத்த முடியுமா?” என்பாள்.

செவ்வாய்தோறும் அந்தோணியார் ரொட்டி கொடுப்பவர்கள் பேக்கரியில் பன் வாங்கி, பாதிரியாரிடம் மந்திரித்துக் கொடுப்பதுதான் வழக்கம். அதில் யாரும் குறை கண்டதில்லை. ஆனால் இருதயமேரிக்கு ஒரே கவலை. மந்திரித்த ரொட்டியைக் குப்பையில் போட்டால் பாவம் என்று பயந்து, வாயில் வைக்க முடியாததைக்கூட ஜனங்கள் விழுங்கிவைப்பார்கள். தன் நேர்ச்சையை யாரும் அப்படி விழுங்கக் கூடாது, ஆசையாகத் தின்ன வேண்டும்.

ரொட்டி அவளுக்குப் புதிதில்லை. சித்தாள் வேலைக்கு வானூர்ப் பக்கம் போனவள், கட்டி முடித்த கட்டடத்திலேயே அடுமனை வந்தபோது அங்கேயே மாவு பிசையச் சேர்ந்துவிட்டாள். ஆறேழு வருஷம் பிசைந்தாள். ஆனால் அங்கே மாவு மூட்டையாக வந்து இறங்கும். மென்று பசை பார்க்கும் வித்தை காதில் விழுந்ததோடு சரி, கோதுமையை அவள் கண்ணால் பார்த்ததில்லை.

அதில்தான் சறுக்கியது. நடுச் சாக்குக் கோதுமையை வாங்கிப் போனவள், மறுநாள் அரைக்கக் கொண்டுவந்தபோது மில் முழுக்க வாசனை தூக்கியது. அன்று சாயங்காலமே ஒரு பன்னை எடுத்துவந்து கல்லா மேசையில் வைத்தாள். டொக்கென்று சத்தம் கேட்டது.

கிருஷ்ணசாமி அதைக் கையில் வாங்கி எடை பார்த்தார். “நம்ம ஒரு கிலோ படிக்கல்லு காணாப் போயி ரொம்ப நாளாவுது. இத வச்சிக்கலாம்.”

“என் ஆடுகூட மோந்துட்டுத் திரும்பிக்கிச்சுண்ணே! அதுக்காகச் சுட்டது!”

சொல்லிவிட்டு அவளே விழுந்து விழுந்து சிரித்தாள். சிரிப்பு நின்றதும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். செவ்வாய்க்கு இன்னும் மூன்று நாள்தான் இருந்தது.

அஸ்வினி மெல்லக் கேட்டாள், “அக்கா, வறுத்தீங்களா?”

“பின்ன? சத்துமாவுக்குக் கேப்பை, பயறு எல்லாம் வறுத்துதானே அரைக்கிறோம்? வறுக்காம எப்படி அரைக்கிறது?” என்றவள், பையில் மிச்சமிருந்த வறுத்த கோதுமையை வாயில் போட்டாள். மென்றாள், மென்றுகொண்டே இருந்தாள். பசை வரவில்லை. வெறும் பொடியாகக் கரைந்து தொண்டைக்குள் இறங்கியது.

“அடிப்பாவி! வறுத்து நானேதான் பசையைக் கொன்னுட்டேன்!”

அதன் பிறகு எல்லாம் ஜல்தியாக நடந்தது. புதுக் கோதுமையைக் கழுவி, மாடியில் காயவைத்து, பச்சையாகவே அரைத்தார்கள். அஸ்வினி வீட்டில் மின்சார அடுப்பு ஒன்று அட்டைப்பெட்டியைவிட்டு இறங்காமலே கிடந்தது. “அது ரொட்டி அடுப்பா? நான் டிவின்னு இல்ல நெனச்சேன்!” என்றாள் இருதயமேரி. திங்கட்கிழமை முழுக்க அவள் பிசைந்தாள், அஸ்வினி தட்டு தட்டாக உள்ளே வைத்து எடுத்தாள். முதல் தட்டு பொன்னிறமாக உப்பி வந்தபோது இருதயமேரி அடுப்பின் கண்ணாடிக்கு முன்னால் உட்கார்ந்து கைதட்டினாள். கிருஷ்ணசாமி ருசி பார்க்கக் கேட்டதற்கு, “நாளைக்குக் கோயிலுக்கு வாங்க, வரிசையில நில்லுங்க” என்று விரட்டிவிட்டாள்.

மறுநாள் ஜெபம் முடிந்து கூடைகளை மந்திரித்தாயிற்று. எந்தச் சாமி என்று பாராமல் ஊரே வந்து நின்றது. அதுவரை கலகலவென்று பேசிக்கொண்டிருந்த இருதயமேரி திடீரெனப் பின்வாங்கினாள். கூடையை வேறொருவரிடம் கொடுத்துவிட்டு, தூணைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டாள். வரிசையில் முதலில் நின்ற கிழவர் பன்னைப் பிட்டு வாயில் போட்டார். அஸ்வினியின் கையை இருதயமேரி இறுகப் பிடித்தாள்.

“கண்ணு, எனக்குத் திரும்பிப் பாக்கத் தைரியம் இல்ல. அவரு மூஞ்சி எப்படிப் போவுதுன்னு நீ பாத்துச் சொல்லேன்.”