கையால் சுழற்றிய மோட்டார்

மோட்டார் உறுமியது, சுழலவில்லை. எங்கள் தீவில் பீனிக்ஸ் ஊருக்கு அடுத்த கிராமத்தில், அத்தையின் சோள மில்லில், தானியத்தோடு காத்து நின்ற பெண்கள் எல்லாரும் அந்த உறுமலைக் கேட்டார்கள். தன் கரும்பு நிலத்தில் ஒரு துண்டை விற்று அத்தை வாங்கிய மோட்டார் அது. அவளுக்குத் துணையாக மில்லில் வேலை பார்த்தவள் நான்.

விற்ற கடையிலிருந்து மெக்கானிக் வந்தான். மோட்டாரின் முதுகில் இருந்த தகரக் குப்பியைத் தட்டிப் பார்த்தான். கண்டென்சர் போய்விட்டது, புதியது கப்பலில்தான் வரவேண்டும் என்றான். "அதுவரைக்கும் பெல்ட்டைக் கையால இழுத்துவிடு, தாந்தின். அப்புறம் தானா ஓடும். பா பெர், பயப்படாதே." தாந்தின் என்றால் எங்கள் தீவுப் பேச்சில் அத்தை; ஊரே அவளை அப்படித்தான் கூப்பிடும்.

பெல்ட்டைப் பற்றி அவன் சொன்னது பொய்யில்லை. அதுதான் எனக்கு இன்றும் ஆறவில்லை. வீட்டுக்கு வரும் சிங்கிள் பேஸ் மின்னோட்டம் அந்த மோட்டாரின் உருளையை இப்படியும் அப்படியும் இழுக்குமே தவிர, எந்தப் பக்கம் சுழல்வது என்று சொல்லாது. கண்டென்சர் இன்னொரு கம்பிச் சுருளில் ஓடும் மின்னோட்டத்தைச் சற்று முந்த வைக்கிறது; அந்த முந்தலில்தான் முதல் சுழற்சி பிறக்கிறது. அது இல்லாவிட்டால் முதல் தள்ளலை யாராவது கொடுக்க வேண்டும். இப்போது என் வீட்டு மின்விசிறிக்கு அதை மாற்ற வருகிறவர், "சின்ன சாமான்தான் அம்மா" என்கிறார். நான் பல்லைக் கடித்துக்கொள்கிறேன். ஆறு வாரம் அந்தச் சின்ன சாமானின் வேலையை அத்தையின் கை செய்தது.

ஏழாவது வாரம் பெல்ட் கையையும் சேர்த்து இழுத்துக்கொண்டது. வலது கையில் மூன்று விரல்கள் போயின.

மில்லுக்கு விசாரிக்க வந்த மெக்கானிக், கூடியிருந்தவர்களிடம், "பொம்பளைங்களுக்கு மெஷின் தெரியாது" என்றான். அத்தை கட்டுப்போட்ட கையை மார்போடு அணைத்தபடி எழுந்தாள். இடது கையால் சுவிட்சைப் போட்டாள். மோட்டார் உறுமியது.

"உனக்குத்தான் தெரியுமே, மிஸ்யே ஐயா. நீ இழு."

அவன் பெல்ட்டைப் பார்த்தான். கை நீளவில்லை.

"இழுடா!"

பின்வாங்கினான். வாசலை மறித்து நின்ற பெண்கள் நகரவில்லை. சுவிட்சை அணைத்துவிட்டு, தலை குனிந்தபடி சொன்னான்: "கடையில ஒரு கண்டென்சர் இருக்கு."

கரும்புத் தோட்ட முதலாளியின் பெரிய வீட்டு மோட்டாருக்கு என்றாவது தேவைப்படலாம் என்று எடுத்து வைத்திருந்ததாம். அங்கே ஒன்றும் பழுதாகியிருக்கவில்லை. அது அத்தனை வாரமும் அலமாரியில் சும்மா கிடந்திருக்கிறது.

அன்று பிற்பகலே கொண்டுவந்து மாட்டினான். கால்மணி நேர வேலை. மோட்டார் தானாகச் சுழன்றது. அவன் கையைத் துடைத்துக்கொண்டு, "இப்ப சரியாப் போச்சு, தாந்தின்" என்றான்.

"எது?" என்று கேட்டாள் அத்தை.

அவன் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.